வீடு திரும்பிவிட்டான் தம்பி, ஆபத்து நீங்கிவிட்டதா?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, அரசு மருத்துவமனையில் பிழைத்து, வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. இப்போது சாப்பிடுகிறான், சிரிக்கிறான். பேசினால் மறுபடி நினைப்பு வந்துவிடும் என்று வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரையை "தெளிஞ்சுட்டானே, இனி எதுக்கு?" என்கிறார் அப்பா. போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயமும் இருக்கிறது.
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: ஆபத்து நீங்கவில்லை. வீடு திரும்பிய முதல் மூன்று மாதம், அதிலும் முதல் சில வாரங்கள், மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். அவன் சிரிப்பது உண்மையான தேறுதலாகவே இருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, கேட்டால்தான் தெரியும்.

கேட்பதால் நினைப்பு கிளறிவிடாது. பெரும்பாலோருக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும். நீங்களே கேளுங்கள். அம்மா அழுதுகொண்டிருக்கும்போது வேண்டாம், இருவரும் தனியாக இருக்கும் நேரத்தில், "சாகணும்னு இப்பவும் தோணுதாடா?" என்று நேராகக் கேளுங்கள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?" என்றால் "இல்லக்கா" என்றுதான் பதில் வரும். தோன்றுகிறது என்றால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்; 108-ஐ அழைக்கலாம். நினைப்பு வந்து வந்து போகிறது என்றால், புத்திமதி சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். "எங்களை நினைச்சுப் பார்த்தியா?" என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. ஏற்கெனவே குற்றவுணர்வில் இருப்பவனை அது இன்னும் அழுத்தும்.

பூச்சிமருந்து, எலிமருந்து, மிச்சமிருக்கும் பழைய மாத்திரைகள் எதுவும் வீட்டிலோ கொட்டகையிலோ இருக்க வேண்டாம். பூட்டி வைத்தாலும் சாவி எங்கே என்று அவனுக்குத் தெரியும். வேறு தெருவில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். "நினைச்சவன் எப்படியும் செய்வான்" என்பது உண்மையல்ல. அந்த வேகம் பலருக்குச் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அதுவரை கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை 1990-களில் தடைசெய்த இலங்கையில், சுமார் பத்தாண்டில் தற்கொலை விகிதம் பாதியானது.

மாத்திரையை அப்பா நிறுத்தச் சொல்வது தவறு. அது வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவது மருத்துவர் முடிவு. 25 வயதுக்குக் கீழே உள்ள சிலருக்குத் தொடக்க வாரங்களில் தவிப்பும் எரிச்சலும் தூக்கமின்மையும் கூடலாம், சாகும் எண்ணமும் வலுக்கலாம். அப்படித் தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள். மாத்திரை அட்டையை அவனிடம் தராதீர்கள். வேளைக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். குடி கூடவே கூடாது.

விடாமல் விசாரிப்பதே ஒரு சிகிச்சைதான். சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், முயன்று பிழைத்தவர்களோடு ஒரு மணி நேரம் பேசி, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். அவர்கள் விசாரித்தது 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும். இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் அந்த நாட்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை; அவை விட்டுவிடக் கூடாத நாட்கள்.

கேஸ் பயம் வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்கிறது; தண்டிக்கச் சொல்வதில்லை, சிகிச்சையும் மறுவாழ்வும் தரச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை.

ஒரு தாளில் அவனையே எழுதச் சொல்லுங்கள்: மனம் கவிழத் தொடங்கும் அறிகுறி என்ன, அப்போது எதில் கவனம் திருப்பலாம், யாரைக் கூப்பிடலாம். உங்கள் எண்ணுக்குக் கீழே இந்த உதவி எண்களும் இருக்கட்டும்: மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104, சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகா அமைப்பு 044-24640050.