நீங்கள் சாப்பிட்டதிலேயே மறக்க முடியாத சாப்பாடு எது?

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் என் ஆயா ஊரில், மாரியம்மன் கோயில் வாசலில் குடித்த கூழ்தான். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு கூழ் வார்ப்பார்கள். ஆயா வெள்ளிக்கிழமை ராத்திரியே கேழ்வரகு மாவைக் கரைத்து மூடி வைத்துவிடுவார். சனிக்கிழமை சாயங்காலம் அரிசி நொய்யை வேகவிட்டு, அது குழைந்ததும் புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்ட ஆரம்பிப்பார். கை ஓயக்கூடாது, விட்டால் கட்டி தட்டும், அடிபிடிக்கும். கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டுப் பார்ப்பார். விரலில் ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் மோரும் உப்பும் போட்டுக் கையாலேயே கரைப்பார். கடைசியில் சின்ன வெங்காயம் அரிந்து போட்டால் கூழ் தயார்.

இது எங்கள் வீட்டுக் கூழ். நான் சொல்ல வந்தது இது இல்லை.

அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகக் கூழ் காய்ச்சி, குடத்துக்கு வேப்பிலை கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். முன்னால் பம்பை அடித்துக்கொண்டு போவார்கள். கோயில் வாசலில் பெரிய பெரிய அண்டாக்கள் இருக்கும். வருகிற குடங்களையெல்லாம் அவற்றில் ஊற்றிக் கலக்கிவிடுவார்கள். ஒரு வீட்டுக் கூழில் புளிப்பு தூக்கலாக இருக்கும். ஒரு வீட்டில் நொய் அதிகம். இன்னொரு வீட்டில் மாடு கறக்கிறது, அதனால் மோர் தாராளம். வசதி இல்லாத வீட்டில் தண்ணீர்தான் கூட. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு ருசி வரும் பாருங்கள், அதை எந்த ஒரு வீட்டு அடுப்பிலும் கொண்டுவர முடியாது. ஆயாவுக்கே வராது.

குழம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தையில் வாங்கிய வாளைக் கருவாட்டை வெந்நீரில் போட்டு மண் போக அலசி, மொச்சை, மாங்காய், முள்ளுக் கத்தரிக்காய் சேர்த்துப் புளிக் குழம்பாக வைப்பார்கள். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் தலைப்பிலும் முள் இருக்கும், பார்த்துப் பிடிக்க வேண்டும். குழம்பில் கிடந்தால் கரையாமல் அப்படியே நின்று, உள்ளே புளியும் கருவாட்டுச் சாறும் இறங்கியிருக்கும். ஆம்பூர் பிரியாணிக்குக் கொடுக்கிற கத்தரிக்காயும் எனக்குப் பிடிக்கும். ஆனால் கத்தரிக்காய்க்கு ஏற்ற துணை கருவாடுதான் என்பது என் முடிவு.

நான் சொம்போடு வரிசையில் நின்றேன். ஊற்றியவர் எனக்கு மாமா முறை. சொம்பு நிறைந்ததும் நகரப் பார்த்தேன். "அட, நில்லு கண்ணு. இங்கேயே குடிச்சிட்டு இன்னொரு சொம்பு வாங்கிக்கினு போ" என்றார். புழுதியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடித்தேன். யார் வீட்டுக் குழம்போ தெரியாது, பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தன் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு கருவாட்டையும் கத்தரிக்காயையும் எடுத்து என் கையில் வைத்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு. அந்தக் குளிர்ச்சி தொண்டையில் இறங்கியது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

அப்புறம் எவ்வளவோ இடங்களில் சாப்பிட்டாகிவிட்டது. வீட்டிலும் ஆடிதோறும் கூழ் காய்ச்சுகிறோம், ஆயா சொன்ன பக்குவத்திலேயே. நன்றாகத்தான் வருகிறது, ஆனால் அது ஒரு வீட்டுக் கூழ்.

இப்போது சில இடங்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் வசூலித்து, சமையல்காரரை வைத்து ஒரே அண்டாவில் காய்ச்சிவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் இல்லை என்பது புரிகிறது. இருந்தாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பணம் கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், கூடவே வீட்டுக்கு ஒரு சொம்பு கூழாவது காய்ச்சிக் கொண்டுவந்து அந்த அண்டாவில் ஊற்றட்டும். உங்கள் தெருவில் கூழ் வார்க்கிறார்கள் என்றால், இந்த ஆடிக்கே இதைச் சொல்லிப் பாருங்கள்.