‘தேங்க்ஸ்’ சொன்னால் மட்டும் போதுமா?

கேள்வி: என் 7 வயது மகனுக்கு எது வாங்கித் தந்தாலும் இரண்டு நாளில் அடுத்ததைக் கேட்கிறான். அதட்டினால்தான் ‘தேங்க்ஸ்’ வருகிறது. நன்றியுணர்வை எப்படிப் பழக்குவது? அதனால் என்ன நன்மை?

பதில்: அதட்டி வாங்கும் ‘தேங்க்ஸ்’ வெறும் சொல்தான். கிடைத்ததைக் கவனிப்பது, கொடுத்தவரை நினைப்பது, அது மனதில் படுவது, இவையெல்லாம் முடிந்த பிறகே வாய் திறக்க வேண்டும். அதனால் கேள்வி கேளுங்கள். “அத்தை இதை ஏன் உனக்காகத் தேடி வாங்கினாங்க? அதுக்கு எவ்வளவு தூரம் போயிருப்பாங்க?” 7 வயதில் இதற்குப் பதில் யோசிக்க முடியும், 3 வயதில் எதிர்பார்க்காதீர்கள்.

இரவு படுக்கும்முன் 5 நிமிடம், அன்று பிறர் செய்த மூன்று உதவிகளைச் சொல்லச் சொல்லுங்கள். “அம்மா, அப்பா, சாப்பாடு” என்று ஒப்பித்தால் பயனில்லை. “ரப்பர் தொலைஞ்சப்போ பக்கத்துப் பையன் கொடுத்தான்” என்பதுபோல் குறிப்பாக இருக்கட்டும். சலிப்புத் தட்டினால் வாரம் ஒருமுறையாகக் குறையுங்கள்.

அமெரிக்காவில் 6, 7-ஆம் வகுப்பு மாணவர்கள் 221 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் தினமும் தாங்கள் நன்றி உணரும் விஷயங்களை எழுதியவர்களுக்குப் பள்ளி மீதான மனநிறைவு கூடியிருந்தது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: “உனக்காக நாங்க எவ்வளவு கஷ்டப்படுறோம் தெரியுமா?” தயவுசெய்து வேண்டாம். அது குழந்தைக்குக் கடன்பட்ட பாரத்தையும் குற்றவுணர்வையும்தான் தரும். மாறாக, துணி மடிக்க, காய் நறுக்கியதை அள்ளிப்போட அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடித்ததும் நீங்கள் அவனுக்கு நன்றி சொல்லுங்கள், எதற்கு என்பதையும் சேர்த்து.