வக்கீலாகப் போகும் மகள், இணையம், கட்சிக்காரர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் சட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறார். கோர்ட் படி ஏறுவதற்கு முன்பே யூடியூப் சேனல், இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் தொடங்கப் போவதாகச் சொல்கிறார். ‘இப்போதெல்லாம் கேஸ் இணையம் வழியாகத்தான் வருகிறது’ என்கிறார். குடும்பத்தில் வேறு வக்கீல் யாரும் இல்லை, பெயர் சொல்லிக் கட்சிக்காரரை அனுப்பி வைக்க ஆள் இல்லை, இதையும் தடுத்தால் பிள்ளை என்ன செய்யும் என்று நீங்கள் தவிக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தடுக்க வேண்டாம் அம்மா. ஆனால் அவர் தொடங்க நினைக்கும் இடத்தை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

அவர் எந்த நாட்டில் வக்கீலாகப் பதிவு செய்யப் போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மற்றத் தொழில்களைப் போல இதில் நினைத்தபடி விளம்பரம் செய்ய முடியாது. எது கூடும், எது கூடாது என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

இந்தியாவில் கட்டுப்பாடு மிகக் கடுமையானது. வக்கீல்களுக்கு நடத்தை விதிகளை வகுக்கும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 36ஆவது விதிப்படி, வக்கீல் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ வேலை தேடிப் போகக் கூடாது. விளம்பரம், சுற்றறிக்கை, புரோக்கர், தான் நடத்தும் வழக்கைப் பற்றிப் பத்திரிகைக்குக் கருத்துச் சொல்வது, படம் கொடுப்பது எல்லாம் இந்தத் தடைக்குள் வரும். 2008இல் ஒரு சிறு தளர்வு வந்தது. சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவு செய்த தேதி, எந்த மாநில பார் கவுன்சில், கல்வித் தகுதி, எந்த வகை வழக்குகளை எடுத்து நடத்துகிறார் ஆகிய விவரங்களைப் போடலாம். 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், ஆன்லைன் தளங்கள் வழியாக வேலை பிடிக்கும் வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்படி சொன்னது. நடத்தைக் கேடு நிரூபணமானால், கண்டனத்தில் தொடங்கிப் பட்டியலிலிருந்து பெயரையே நீக்குவது வரை வழக்கறிஞர் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஐந்து வருடப் படிப்பு ஒரு ரீல்ஸில் போய்விடக் கூடாது.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். 1976இல் அரிசோனாவில் ஜான் பேட்ஸ், வான் ஓஸ்டீன் என்ற இரண்டு வக்கீல்கள் தங்கள் கட்டணத்தை அச்சிட்டு நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள். மாநில வழக்கறிஞர் சங்கம் நடவடிக்கை எடுத்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1977இல் 5க்கு 4 என்ற கணக்கில் வக்கீல் விளம்பரத்துக்கு வழி பிறந்தது. பொய்யும் திசைதிருப்பும் பேச்சும் இன்றும் கூடாது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் (கட்சிக்காரரோடு நேரடியாகப் பேசி வேலை எடுக்கும் வக்கீல்கள்) 1984இலிருந்து விளம்பரம் செய்யலாம். 2018 டிசம்பரிலிருந்து சில வகை வேலைகளுக்குக் கட்டண விவரத்தை இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும். அங்கே கட்டாயமாக இருக்கும் கட்டண விவரம், இந்தியாவில் அனுமதிப் பட்டியலிலேயே இல்லை. அதனால் சேனலுக்குப் பெயர் யோசிப்பதற்கு முன், தான் பதிவு செய்யப்போகும் இடத்தின் நடத்தை விதிகளை ஒரு தடவை முழுதாகப் படித்துவிடச் சொல்லுங்கள்.

சரி, விதி தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன செய்வது? இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒருவருக்கு வேலை போகிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. இரவு பதினொரு மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, போனில் தட்டுகிறார்: ‘வேலைய விட்டு நிறுத்திட்டாங்க சம்பளம் தரல என்ன பண்றது’. எழுத்துப் பிழை இருக்கும், நிறுத்தற்குறி இருக்காது. அதே நேரத்தில் ஏதோ ஒரு வக்கீலின் இணையதளத்தில் ‘தொழிலாளர் சட்டம் மற்றும் பணிசார் பிணக்குகளில் விரிவான சட்டச் சேவை’ என்று எழுதியிருக்கும். அவர் தட்டியதில் ஒரு சொல்கூட இந்த வரியில் இல்லை. இரண்டும் எப்படிச் சந்திக்கும்?

உங்கள் மகள் எழுத வேண்டியது அந்தப் பதினொரு மணிக் கேள்விக்கான பதிலை. தலைப்பே அந்தக் கேள்வியாக இருக்கட்டும். எந்தெந்தக் கடிதங்கள், மின்னஞ்சல்கள், வங்கிக் கணக்கு விவரங்களை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்? எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருநாள் அவகாசம் கேட்க வேண்டும்? புகார் கொடுக்கக் காலக்கெடு எவ்வளவு, எங்கே கொடுப்பது? எந்த வேலையை வக்கீல் இல்லாமல் அவரே செய்துகொள்ளலாம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதும் வக்கீல்கள் மிகக் குறைவு. எழுதுகிறவரைப் படிப்பவர் மறப்பதில்லை. இன்று செலவில்லாமல் ஒரு வழி கிடைத்தவர், நாளை தங்கைக்கோ நண்பருக்கோ சிக்கல் வரும்போது அந்தப் பெயரைத்தான் சொல்லுவார்.

கட்டுரைக்குக் கீழே எழுதிய தேதியைப் போட வேண்டும். சட்டம் திருத்தப்பட்டால் கட்டுரையும் திருந்த வேண்டும். பழைய காலக்கெடுவை நம்பி ஒருவர் உரிமையை இழந்தால் அந்தப் பாவம் சின்னதில்லை. விளம்பரம் கூடாத இடத்தில், விளக்கத்தோடு கட்டுரையை நிறுத்திவிட வேண்டும். ‘உடனே என்னை அழையுங்கள்’ என்று முடித்தால் விளக்கம் விளம்பரமாகிவிடும்.

இன்னொன்று: எல்லாத் துறையிலும் எழுத வேண்டாம். குடும்ப வழக்கு, வாடகைத் தகராறு, வேலை, விபத்து இழப்பீடு என்று பத்தையும் தொட்டால் எதிலும் ஆழம் இருக்காது. சீனியர் ஆபீஸில் எந்த வகை ஃபைல் அதிகம் கைக்கு வருகிறதோ, அதிலேயே இருபது கேள்விகளுக்குப் பதில் எழுதட்டும்.

இப்போது பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். முன்பு என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் இளம் வக்கீல், முதல் ஜாமீன் கிடைத்த சந்தோஷத்தில் கட்சிக்காரரோடு கோர்ட் வாசலில் செல்ஃபி எடுத்துப் போட்டுவிட்டார். கட்சிக்காரர் வேலை செய்த இடத்தில் அதுவரை யாருக்கும் விஷயம் தெரியாது. வக்கீல் அந்தப் படத்தை ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார். ஆனால் பார்க்க வேண்டாதவர்கள் அதற்குள் பார்த்துவிட்டார்கள். தீர்ப்பு பொது ஆவணம்தானே என்பது சமாதானம் ஆகாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2018இல் தந்த கருத்துரையில், கோர்ட் பதிவேட்டில் இருக்கும் விஷயமானாலும் கட்சிக்காரரின் சம்மதம் இல்லாமல் வக்கீல் அதைப் பற்றிப் பொதுவெளியில் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. கூகுளில் யாராவது ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டி எழுதினால் கை பரபரக்கும். ‘நீங்கள் சொல்வது பொய், நடந்தது இதுதான்’ என்று பதில் எழுதினால் ரகசியம் வெளியே வந்துவிடும். அதே சங்கத்தின் 2021 கருத்துரையும் இதைத்தான் எச்சரிக்கிறது. பேசாமல் இருப்பது நல்லது. முடியாவிட்டால், தொழில் கடமை காரணமாக இங்கே பதில் சொல்ல இயலாது என்று ஒரே வரி.

கமெண்ட்டிலும் இன்பாக்ஸிலும் வழக்கு விவரம் கொட்டப்படும். அங்கே ஆலோசனை சொல்ல வேண்டாம். எழுதுகிறவரின் எதிர்த்தரப்பு, உங்கள் மகள் ஜூனியராக இருக்கும் ஆபீஸின் கட்சிக்காரராகவே இருக்கலாம். முதலில் இரு தரப்புப் பெயரையும் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் விஷயத்துக்குள் போக வேண்டும்.

கட்டுரையை ஏஐ எழுதித் தரும் என்று மகள் சொல்லக்கூடும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை நிஜம் என்று கோர்ட்டில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். கோர்ட்டில் தவறானது இணையதளத்திலும் தவறுதான். ஒவ்வொரு சட்டப் பிரிவையும் மூலத்தில் பார்க்காமல் வெளியிட வேண்டாம்.

இன்னும் ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டுரை படித்துவிட்டு ஒருவர் போன் செய்கிறார். யாரும் எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்துத் திருப்பி அழைத்தால் அவர் வேறு ஆபீஸில் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். அன்றைக்கே திருப்பி அழைப்பது, பாதியில் குறுக்கிடாமல் கேட்பது, தன்னால் முடியாத வழக்கு என்றால் உடனே சொல்லிவிடுவது. இணையம் ஆளை வாசல் வரை கொண்டுவந்து விடும்; உள்ளே வந்து உட்காருவது இதைப் பொறுத்துத்தான்.

ஆகவே இப்போதைக்கு சேனல் வேண்டாம். படிப்பு முடிவதற்குள் கல்லூரியின் இலவச சட்ட உதவி மையத்தில் வாரம் ஒருநாள் உட்காரச் சொல்லுங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். வருகிறவர் பெயரோ விவரமோ வேண்டாம். அவர் வந்து உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியத்தை மட்டும், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளட்டும். நாற்பது ஐம்பது வாக்கியம் சேர்ந்ததும் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். அப்போது நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வரச் சொல்லுங்கள். முதல் கட்டுரைக்கு எதை எடுக்கலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம்.