623501 பகா எண்ணா?

கேள்வி: எங்கள் ராமநாதபுரத்தின் பின்கோடு 623501. நூறுக்குள் இருக்கும் 25 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. இதைப் பகா எண் என்று சொல்லிவிடலாம்தானே?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: சொல்லக் கூடாது. 421 × 1481 = 623501. பெருக்கிப் பாருங்கள்.

வகுத்ததில் பிழையில்லை, நிறுத்திய இடம்தான் பிழை. ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரிந்தால், சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 789-இன் வர்க்கம் 622521; 790-இன் வர்க்கம் 624100. ஆகவே 787 வரை உள்ள 138 பகா எண்களையும் பார்த்த பிறகுதான் பேச முடியும். 421 அந்த வரிசையில் 82-ஆவது. நூறோடு நிறுத்துகிறவர் 10201-க்குக் குறைந்த எண்களுக்கு மட்டுமே தீர்ப்பு சொல்லலாம்.

7, 11, 13 மூன்றுக்கும் தனித்தனியாக வகுக்க வேண்டாம். அவற்றின் பெருக்கல் 1001. அதனால் எண்ணை மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, 623-இல் 501 போக மீதமுள்ள 122-ஐச் சோதித்தாலே போதும். கால்குலேட்டரில் பார்த்தால் தசமத்தில் ஏமாறாதீர்கள். 67-ஆல் வகுத்தால் 9305.985 வரும், 9306 என்று வைத்துக்கொள்ளத் தோன்றும். 67 × 9306 = 623502. ஒன்று கூடிவிட்டது.

இந்த எண்ணின் உண்மையான அழகு வேறிடத்தில் இருக்கிறது. இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதலாம்:

749² + 250² = 623501
301² + 730² = 623501

பகா எண் எதுவும் இப்படி இரண்டு விதமாகப் பிரியாது. எனவே ஒருமுறைகூட வகுக்காமலேயே இது பகு எண் என்று தெரிந்துவிடுகிறது. காரணியும் இதற்குள்ளேயே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் கையாண்ட வழி இது. ஒற்றைப்படைகளின் வித்தியாசம் 749 − 301 = 448. இரட்டைப்படைகளின் வித்தியாசம் 730 − 250 = 480. இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி 32. அதனால் வகுத்தால் 14, 15. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டுங்கள்: 196 + 225 = 421.

ஒற்றையையும் இரட்டையையும் கலந்து கழித்தால் 749 − 730 = 19, 301 − 250 = 51 வரும். வர்க்கங்களின் கூட்டல் 2962. ஒற்றைப்படை எண்ணான 623501-ஐ அது வகுக்காது. பாதியாக்குங்கள், 1481 கிடைக்கும்.

இரண்டு விதம் எப்படி வந்தது? 421 = 15² + 14², 1481 = 35² + 16². இப்படிப்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் மறுபடியும் இரண்டு வர்க்கங்களே வரும் என்பதை 7-ஆம் நூற்றாண்டிலேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் விதியாகத் தந்திருக்கிறார். 15×35 − 14×16 = 301, 15×16 + 14×35 = 730. கழித்தல், கூட்டல் குறிகளை இடம் மாற்றினால் 749. மற்றது −250, வர்க்கத்தில் குறி மறைந்துவிடும்.

ஆனால் ஒன்று: காரணி தெரியாத நிலையில் அந்த வர்க்கங்களைத் தேடுவது பெரிய உழைப்பு. ஆறிலக்க எண்ணுக்கு வகுத்தலே சுருக்கமான வழி.

அடுத்து ராமேசுவரத்தின் 623526-ஐ எடுங்கள். 2, 3, 17 மூன்றாலும் வகுத்தபின் 6113 மிஞ்சும். அதற்கு 73 வரை பார்த்தாலே போதும், உங்கள் நூறு அங்கே தாராளம். 6113 பகா எண்தான்.