கல்விக் கடன்: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

விருதுநகரிலிருந்து: சார், பையனுக்கு கவுன்சிலிங்கில் பி.இ. சீட் கிடைத்திருக்கிறது. 4 லட்சம் கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 4 லட்சம் வரை அடமானம் கேட்கவே கூடாது. 7.5 லட்சம் வரைகூட, கடன் உத்தரவாதத் திட்டம் இருப்பதால், பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்த விண்ணப்ப எண்ணோடு கிளைக்குப் போங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கல்லூரியில் போனஃபைடு (அங்கே படிப்பதற்கான சான்றிதழ்) வாங்கும்போது நாலு வருடக் கட்டணத்தையும், விடுதி, தேர்வுக் கட்டணம் உட்பட, வருடவாரியாகப் போடச் சொல்லுங்கள். முதல் வருடத்துக்கு மட்டும் வாங்கிப் போய், அடுத்த வருடம் திண்டாடுபவர்கள் நிறைய.

திருநெல்வேலியிலிருந்து: படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை எதுவும் கட்ட வேண்டாமாமே?

பதில்: தவணைதான் கட்ட வேண்டாம். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் நாலு வருடம் 10% வட்டியில் எடுத்தால், ஐந்தாவது வருடக் கடைசியில் தனிவட்டி மட்டும் 1.4 லட்சம் சேரும். அது அசலோடு சேர்ந்து 5.4 லட்சமாகி, பத்து வருடத் தவணை மாதம் சுமார் 7,140 ரூபாய் வரும். வட்டியை அவ்வப்போதே கட்டி வந்தால் (முதல் வருடம் மாதம் 833 ரூபாய்தான்) தவணை சுமார் 5,290. முடிந்த அளவாவது கட்டுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். தவணை குறைகிறதே என்று 15 வருடத்துக்கு நீட்டினால் மொத்தத்தில் இன்னும் சுமார் 1.9 லட்சம் போகும்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வியாக இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஒரு வருடத்துக்குமான வட்டியை மத்திய அரசே மானியமாகத் தரும். இதற்கு, கல்லூரியின் தரத்துக்கான நாக் அங்கீகாரமோ, படிப்பின் தரத்துக்கான என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். வட்டாட்சியர் அலுவலக வருமானச் சான்றிதழைக் கடன் விண்ணப்பத்தோடே கொடுத்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து: மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு?

பதில்: வங்கி பார்த்துக் கடன் தரலாம். மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டச் சலுகை கிடையாது. ரசீது இல்லாத நன்கொடைக்கு எந்த வங்கியும் தராது.

தஞ்சாவூரிலிருந்து: மகளுக்கு இன்னும் வேலை இல்லை. இரண்டு தவணை நின்றுவிட்டது.

பதில்: 90 நாள் தாண்டினால் வாராக்கடன், மகள் பெயரிலும் உங்கள் பெயரிலும் சிபில் (கடன் மதிப்பெண்) அடிபடும். இந்த வாரமே கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதி, தவணையைத் தள்ளிவைக்கவோ மறுசீரமைக்கவோ கேளுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.