காலையில் எகிறும் காபி டம்ளர்

கேள்வி: என் மகளுக்கு வயது 17. தேர்வுக்காக இரவு இரண்டு மணி வரை படித்தவள், காலையில் எழுந்த சற்று நேரத்தில் கீழே விழுந்து, கை கால்கள் வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ளியது. பக்கத்து வீட்டு அம்மா கையில் சாவிக்கொத்தைத் திணித்ததும் நின்றது. எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. இரண்டும் நார்மல். சில மாதங்களாகவே காலையில் காபி டம்ளர் அவள் கையிலிருந்து எகிறி விழுகிறது. இது நரம்புத் தளர்ச்சியா, வலிப்பு நோயா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் காபி டம்ளர், ஸ்கேனைவிட அதிகம் சொல்கிறது. தூங்கி எழுந்த சிறிது நேரத்தில், நினைவு தவறாமலேயே, தோளும் கையும் ஷாக் அடித்ததுபோல் ஒரு கணம் வெட்டி உதறுவதை மயோக்ளோனஸ் என்கிறோம். பதின்வயதில் இந்த உதறலும், தூக்கம் கெட்ட மறுநாள் காலையில் முழு வலிப்பும் சேர்ந்து வந்தால், ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸி என்னும் வலிப்பு நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நரம்புத் தளர்ச்சி என்று டானிக் வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை.

இந்த வகையில் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். இ.இ.ஜி.யோ, பதிவு செய்யும் அந்த அரைமணி நேரத்து மூளை மின் அலைகளை மட்டுமே காட்டுவது. ஆகவே, இரவுத் தூக்கத்தைக் குறைத்து மறுநாள் காலையில் மீண்டும் ஒரு முறை எடுத்துப் பார்ப்பதுண்டு. காய்ச்சல், சர்க்கரைக் குறைவு போன்ற உடனடிக் காரணம் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை வந்தால்தான் வலிப்பு நோய் என்பது பழைய கணக்கு. 2014இல் திருத்தப்பட்ட வரையறையின்படி, மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் ஒரு வலிப்பே போதும். காலை உதறலும் ஒரு வகை வலிப்புதான்; உங்கள் மகளுக்கு அது பல மாதங்களாக இருப்பதால், அன்று வந்ததை முதல் வலிப்பு என்றும் சொல்வதற்கில்லை.

நரம்பியல் மருத்துவரிடம் உதறலைப் பற்றி அவசியம் சொல்லுங்கள். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். கார்பமாசெபின் போன்ற சில மாத்திரைகள் உதறலை அதிகமாக்கக்கூடும். வால்புரோவேட் நன்கு கேட்கும் என்றாலும், பிற்காலத்தில் கருவைப் பாதிக்கும் என்பதால் இளம்பெண்களுக்குக் கூடியவரை தவிர்த்து, லெவெடிரசிட்டம் போன்றவற்றைத் தருகிறார்கள். பலருக்கு வலிப்பு முழுவதுமாகக் கட்டுப்படும். ஆனால், நின்றுவிட்டதே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் திரும்ப வரும். தேர்வானாலும் இரவு கண்விழிப்பது கூடாது.

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நிற்பவை. சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் கழிந்துவிடுவதால், பெயர் சாவிக்குப் போகிறது! இனி வந்தால் வாயில் எதையும் திணிக்காமல், கைகால்களை அழுத்திப் பிடிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது தொடங்கினாலோ 108ஐ அழையுங்கள்.