முகத்தில் தேடக் கூடாதது

அன்புள்ள ஆசிரியருக்கு,

உறவினர் வீட்டில், பேட்டி பெரெட் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த ‘தி ஃபேசஸ் ஆஃப் ஃபேன்டஸி’ என்ற புகைப்படத் தொகுப்பைப் புரட்டிப் பார்த்தேன். மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுத்தாளர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள். கூடவே எழுத்தைப் பற்றி அவரவர் சொன்ன சில வரிகள். படங்களை மட்டும் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு மூடி வைத்தேன். மந்திரவாதிகளையும் டிராகன்களையும் படைத்தவர்களின் முகங்கள், வங்கியிலும் பள்ளி ஆசிரியர் அறையிலும் நாம் அன்றாடம் காணும் முகங்களாகவே இருக்கின்றன. எழுத்தாளரின் முகத்தை வாசகன் பார்க்கத்தான் வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

அந்தத் தொகுப்பு 1996-ல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1984-ல், அறிவியல் புனைகதை எழுத்தாளர்களைப் படமெடுத்துப் பெரெட் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்திருந்தார். படத்துக்குப் பக்கத்திலேயே எழுத்தாளரின் சொற்களையும் வைத்தது, முகம் தானாக எதையும் சொல்லிவிடாது என்பதை அவர் அறிந்திருந்ததால்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் பாதியை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் ஏமாற்றம் பொய்யானதல்ல. ஆசிரியர் அறை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒப்பீடு உங்களை அறியாமலேயே சரியாக அமைந்துவிட்டது. 1930-ஐ ஒட்டிய ஒரு கோடையில், ஆக்ஸ்ஃபோர்டு நகரில் நார்த்மூர் சாலை வீட்டில், பழைய ஆங்கிலத்தின் பேராசிரியரான டோல்கீன் பள்ளித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். குடும்பச் செலவுக்கு அந்தக் கூடுதல் வருமானம் வேண்டியிருந்தது. யாரோ ஒரு மாணவர் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். விடைத்தாள் திருத்துகிறவருக்கு இதைவிட நல்லது நடக்க முடியாது என்று பின்னாளில் டோல்கீன் வேடிக்கையாகக் குறிப்பிடுகிறார். அந்த வெற்றுப் பக்கத்தில்தான், நிலத்துக்குள் ஒரு வளையில் ஒரு ஹாபிட் வாழ்ந்தது என்ற, பின்னாளில் ‘தி ஹாபிட்’ நாவலின் முதல் வரியான வாக்கியத்தை அவர் எழுதினார். ஏன் எழுதினார் என்பது அப்போது அவருக்கே தெரியவில்லை. அந்த நொடியில் ஒரு புகைப்படக்காரர் அங்கே இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? விடைத்தாள் கட்டுக்கு முன்னால் களைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு வாத்தியாரின் படம். நீங்களும் நானும் அதைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம்.

முகத்தில் இல்லாதது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் உர்சுலா லெ க்வின் 1973-ல் மிகுபுனைவின் நடையைப் பற்றி எழுதிய கட்டுரையைவிடத் தெளிவான விடையை நான் வாசித்ததில்லை. அவர் காலத்து மிகுபுனைவு நாவல் ஒன்றிலிருந்து ஓர் உரையாடலை எடுத்துக்கொண்டு, அதில் நான்கே சொற்களை மாற்றுகிறார். அவ்வளவுதான், மாய நாட்டின் அரசவை வாஷிங்டன் அரசியல்வாதிகளின் பேச்சாகிவிடுகிறது. அப்படி மாற்ற முடிகிறதென்றால், அங்கே மாய நாடு ஒன்று முதலிலேயே இருக்கவில்லை. பெயர்ப்பலகை மட்டுமே இருந்தது. நடப்பியல் எழுத்தாளருக்கு ஊரும் வரலாறும் செய்தித்தாளும் கடனாகக் கிடைக்கும். மிகுபுனைவு எழுதுகிறவர் சொல்லாதது எதுவும் அந்த உலகில் கிடையாது என்பதால், அவருடைய வாக்கியமே அங்கே மண்ணும் காற்றும் ஆகிறது. இதை எந்த கேமரா படமெடுக்கும்?

அந்த வாக்கியங்கள் உருவாகும் நாள் எப்படிப்பட்டது என்பதையும் லெ க்வின் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். காலை 5.30-க்கு விழித்துப் படுத்தபடியே யோசிப்பது, வயிறார உண்பது, 7.15-லிருந்து நண்பகல் வரை எழுதுவது, மாலையில் சமைப்பது. இரவு எட்டு மணிக்கு மேல் தான் பெரும் மந்தபுத்திக்காரி ஆகிவிடுவதாகவும், அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் முடிக்கிறார். நீங்கள் படங்களில் கண்ட சாதாரணம் இதுதான்.

2021-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. 2006-ல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தை ஒட்டி அவர் முகத்தைத் தீட்டி, பின்னணியில் அவர் கற்பனை செய்த பனிக்கோளையும், அதில் சறுக்குவண்டியை இழுத்துச் செல்லும் இருவரையும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் தேடியது கிட்டத்தட்ட இந்தப் படத்தைத்தான். அழகான தபால்தலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பனியை முகத்துக்குப் பின்னால் வரைந்து சேர்க்க வேண்டியிருந்ததே! கறுப்புத் தொப்பியைத் தன் அடையாளமாக்கிக்கொண்ட இங்கிலாந்து எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் படங்களிலும் தொப்பிதான் முதலில் பேசுகிறது. மின்வாரியத்தின் செய்தித் தொடர்பாளர் வேலையைப் பார்த்துக்கொண்டே ‘டிஸ்க்வேர்ல்டு’ என்னும் தன் கற்பனை உலகின் முதல் நாவல்களை எழுதியவர் அவர் என்பதை அந்தத் தொப்பி அழகாக மறைத்துவிடுகிறது. (என் நூல்களின் பின்னட்டையில் நான் மோவாய்க்குக் கை கொடுத்து உட்கார்ந்திருப்பதும் அந்த வகைத் தொப்பிதான். புகைப்படக்காரர் சொன்னபோது மறுக்கத் தோன்றவில்லை.)

பார்க்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. படைப்பு போதும். இருந்தும் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் படம் ஒன்று உண்டு. 1973 ஆகஸ்ட் 9 அன்று, ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவில், தனக்குப் பிடித்த ஒரு கரும்பைன் மரத்தருகே 81 வயது டோல்கீன் நிற்கிறார். எடுத்தவர் பேரன் மைக்கேல். அதற்கு முந்தைய ஆண்டுதான், தன் எல்லா நூல்களிலும் மரங்களின் பக்கமே நிற்பதாக ஒரு நாளிதழுக்கு அவர் கடிதம் எழுதியிருந்தார். படமெடுத்த ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 2 அன்று, இறந்துபோனார். அறியப்பட்டவரை அதுவே அவருடைய கடைசிப் புகைப்படம். அதில் என் கண் முகத்தில் நிற்பதில்லை, அந்த அடிமரத்துக்கே போகிறது. 2014-ல் அந்த மரத்தின் பெருங்கிளைகள் முறிந்து விழுந்ததால், அதையும் வெட்டிவிட்டார்கள்.

அந்தத் தொகுப்பு மறுபடி கைக்குக் கிடைத்தால், இம்முறை படத்தின் பக்கத்திலிருக்கும் வரிகளை முதலில் வாசித்துவிட்டு, பிறகு முகத்தைப் பாருங்கள்.